விமானம் இறங்கிய பிறகு

'சூரரைப் போற்று' பார்க்காதவர்கள் கை தூக்குங்கள். தெரியும், யாரும் தூக்க மாட்டீர்கள். 2020 நவம்பர். கொரோனா தியேட்டர்களை முடக்கிப் போட்டிருந்த வருஷம். படம் நேராக அமேசான் ப்ரைமில் வந்தது. குடும்பத்தோடு ஹாலில் உட்கார்ந்து பார்த்தோம், சேர்ந்து மூக்கைச் சிந்தினோம். 2022-ல் சிறந்த படம், சிறந்த நடிகர், நடிகை, திரைக்கதை, பின்னணி இசை என்று ஐந்து தேசிய விருதுகள். எல்லாம் தகும். சூர்யாவுக்குத் தந்தது கொஞ்சம் லேட் என்றுகூடச் சொல்வேன்.

இப்போது எதற்கு அந்தப் பழைய படம் என்கிறீர்களா? காரணம் இருக்கிறது. சொந்தமாகத் தொழில் தொடங்கப் போகிறேன் என்று யாராவது ஒரு இளைஞர் வாயைத் திறந்தால், பக்கத்தில் இருப்பவர் உடனே இந்தப் படத்தைத்தான் சொல்கிறார். 'மாறா மாதிரி நில்லுடா!' காலேஜ் விழாக்களில், தொழில்முனைவோர் கூட்டங்களில் அந்த ஏர்போர்ட் காட்சியைப் போடுகிறார்கள். பொழுதுபோக்குப் படமாக வந்தது இன்றைக்குப் பாடப் புத்தகமாகிவிட்டது. பாடப் புத்தகம் என்று ஆகிவிட்டால் கணக்குச் சரியா என்று பார்க்க வேண்டும் இல்லையா? பி.காம். படித்தவனுக்குக் கை சும்மா இருக்காது.

முதலில் நல்லதைச் சொல்லிவிடலாம். தமிழ் சினிமாவில் பணக்காரர் ஆவதற்குத் தேவையான நேரம் சுமார் நாலரை நிமிஷம். ஒரு பாட்டு! 1992-ல் 'அண்ணாமலை'யில் பால்காரர் பாட்டு முடிவதற்குள் ஓட்டல் அதிபர். 1997-ல் 'சூர்யவம்ச'த்தில் கணவர் பஸ் முதலாளி, மனைவி கலெக்டர். எந்த பாங்க் லோன் கொடுத்தது, எத்தனை தவணை பாக்கி, ஒன்றும் கேட்கக் கூடாது. கைதட்ட மட்டும் அனுமதி.

சுதா கொங்கரா அந்த நாலரை நிமிஷத்தைத்தான் இரண்டரை மணி நேரப் படமாக எடுத்தார். பெரிய காரியம். மாறா ஆபீஸ் ஆபீஸாகக் காத்திருக்கிறான். ஃபைல் நகர மாட்டேன் என்கிறது. முதலீடு போடுகிறேன் என்றவர் காலை வாருகிறார். ஊர் ஜனங்கள் முந்தானை முடிச்சை அவிழ்த்துக் கொடுக்கிற பணத்தில் கம்பெனி நடக்கிறது. இதெல்லாம் நம் சினிமாவுக்குப் புதுசு.

அந்த ஏர்போர்ட் காட்சியைவிட எனக்குப் பிடித்த காட்சி ஒன்று உண்டு. பேக்கரி நடத்திச் சம்பாதிக்கிற மனைவியிடம் கணவன் கடன் கேட்கிற இடம். எப்படிக் கேட்பது என்று தெரியாமல் கூசிப் போய், அடக்க மாட்டாமல் உடைந்து போகிறான். வசனம் கம்மி. அது சத்தியம் ஸார். இந்த ஊரில் ஆரம்பிக்கப்பட்ட கம்பெனிகளில் பாதிக்கு முதல் முதலீட்டாளர், மாதச் சம்பளம் வாங்குகிற மனைவிதான். ஷேர் சர்ட்டிஃபிகேட்டில் அவர் பெயர் இருக்குமா என்று கேட்காதீர்கள். வீட்டு வாடகை, பிள்ளை ஃபீஸ், மளிகை எல்லாம் அந்தப் பக்கத்திலிருந்து வருவதால்தான் இந்தப் பக்கம் ஐயா 'விஷன்' பேச முடிகிறது. பொம்மி பாத்திரத்தை அபர்ணா பாலமுரளி தூக்கிக் கொண்டு போனதற்குக் காரணம் நடிப்பு மட்டும் அல்ல. அந்தப் பாத்திரத்தில் உண்மை இருந்தது.

சரி, குறைக்கு வருகிறேன். படம் ஜி.ஆர். கோபிநாத்தின் 'சிம்ப்ளி ஃப்ளை' புத்தகத்தைத் தழுவியது. தழுவல் என்றால் மாற்றத்தான் செய்வார்கள். கர்நாடகத்து ஹாசன் மாவட்டம் கோரூர்க்காரர் சோழவந்தான்காரர் ஆனார், ராணுவ கேப்டன் விமானப் படைக்காரர் ஆனார். இதில் எனக்குத் தகராறு இல்லை. கதைக்கு அந்தச் சுதந்திரம் உண்டு. ஆனால் இரண்டு இடத்தில் கத்தரி பட்டிருக்கிறது பாருங்கள். அங்கேதான் பாடமே இருந்தது.

ஒன்று, ஆரம்பத்தில். மாறா விமானப் படையிலிருந்து வருகிறான், ஏர்லைன் ஆரம்பிக்கக் கிளம்பிவிடுகிறான். நிஜ கோபிநாத் என்ன செய்தார் தெரியுமா? 1971 பங்களாதேஷ் போரைப் பார்த்தவர், இருபதுகளிலேயே ராணுவத்தை விட்டு வந்தார். குடும்ப நிலம் ஹேமாவதி அணைக்குப் போய்விட்டது. அதற்குப் பதிலாகக் கிடைத்த வறண்ட பூமியில் விவசாயம். தென்னை வைத்தார், பட்டுப்புழு வளர்த்தார். பூச்சிமருந்து இல்லாத பட்டு வளர்ப்புக்காக 1996-ல் ரோலெக்ஸ் விருது வாங்கினார். இடையில் என்ஃபீல்ட் மோட்டார் சைக்கிள் டீலர்ஷிப் எடுத்தார், உடுப்பி ஓட்டல் நடத்தினார், பாசனக் கருவி விற்றார். 1994-ல் சட்டசபைத் தேர்தலில் நின்று தோற்றார். 1997-ல்தான் ஹெலிகாப்டர் வாடகைக்கு விடும் கம்பெனி. அதை ஆறு வருஷம் நடத்தின பிறகு, 2003-ல் ஏர் டெக்கான்.

கணக்குப் போடுங்கள். ராணுவத்தை விட்டதிலிருந்து ஏர்லைன் வரை இருபது வருஷத்துக்கு மேல்! அந்த இருபது வருஷத்தில் அவர் கற்றது என்ன? ஓட்டலில் காலை ஆறு மணிக்கு மாஸ்டர் வராவிட்டால் என்ன செய்வது. டீலருக்குக் கம்பெனி எத்தனை நாள் கடன் தரும். விவசாயிக்குப் பாசனக் குழாய் விற்றால் பணம் எந்த அறுவடைக்கு வரும். ஏர்லைன் நடத்த ஆள் தயாரானது இந்தச் சில்லறை வியாபாரங்களில்தான். ஸ்க்ரீனில் இது எதுவும் கிடையாது. கனவு இருக்கிறது, வெறி இருக்கிறது, உடனே விமானம். இதைப் பார்த்துவிட்டு ஒரு பையன் வேலையை விட்டால், இருபது வருஷ அப்ரெண்டிஸ்ஷிப்பை யார் அவனுக்குச் சொல்வது?

இரண்டாவது கத்தரி இதைவிடப் பெரிசு. அது முடிவில்.

படம் எங்கே முடிகிறது? விமானம் இறங்குகிறது. கதவு திறக்கிறது. ஊர்ப் பெரிசுகள், பாட்டிகள் ஒவ்வொருவராகப் படியிறங்குகிறார்கள். நமக்குக் கண் நிறைகிறது. மாறா ஜெயித்துவிட்டான். சுபம்.

ஒரு ஏர்லைனுக்கு முதல் விமானம் இறங்கும் நாள் என்பது சுபமா, ஆரம்பமா? கல்யாணத்தோடு கதை முடிகிற பழைய படங்களைக் கிண்டல் செய்கிறோமே, அதேதான் இது. தாலி கட்டியாயிற்று. இனிமேல் மளிகை பில் வரும்.

நிஜத்தில் வந்தது. 2003-ல், தொடக்க விழா விமானம் ஹைதராபாத்திலிருந்து கிளம்பும்போதே எஞ்சினில் தீ. உள்ளே வெங்கைய நாயுடு. நல்லவேளை, யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஒரு சாதாரண மனிதன் அந்த ராத்திரியே கடையைக் கட்டியிருப்பான். இவர் கட்டவில்லை. அடுத்த நாலு வருஷத்தில் நாற்பதுக்கு மேல் விமானங்கள், அறுபதுக்கு மேல் ஊர்கள். ஒரு ரூபாய் டிக்கெட். ஆர்.கே. லக்ஷ்மணின் 'காமன் மேன்'தான் கம்பெனியின் அடையாளம். ரயிலில் போய்க் கொண்டிருந்தவர்கள் முதல் தடவையாக ஆகாசத்தில் பறந்தார்கள். இதுவரை படமும் நிஜமும் ஒன்றுதான்.

இங்கே கொஞ்சம் பொறுமை வேண்டும், ஒரு ரூபாய் டிக்கெட் சமாசாரத்தைப் பார்க்கலாம். விமான ஸீட் என்பது கீரைக்கட்டு மாதிரி. கதவு மூடினதும் காலி ஸீட்டின் மதிப்பு பூஜ்யம். ஆள் ஏறினாலும் ஏறாவிட்டாலும் பைலட் சம்பளம், விமான வாடகை, பெட்ரோல் செலவு கிட்டத்தட்ட அதே. அதனால் சில ஸீட்டை ஒரு ரூபாய்க்குக் கொடுத்துக் கூட்டத்தை இழுத்து, மற்ற ஸீட்டுகளை ஏறுகிற விலையில் விற்று, சராசரியில் செலவைத் தாண்டிவிட வேண்டும். யோசனை பிரமாதம். பக்கத்துக் கடைக்காரனும் அதையே செய்யாதவரைக்கும்!

2005-ல் ஸ்பைஸ்ஜெட் வந்தது. அதே வருஷம் கோ ஏர். 2006-ல் இண்டிகோ. எல்லோரும் விலையைக் குறைத்தார்கள். கச்சா எண்ணெய் இவர் தொடங்கிய 2003-ல் பீப்பாய் 30 டாலர் சுமாரில் இருந்தது; 2006-ல் 70-ஐத் தாண்டியது. விற்கிற விலை கீழே, வாங்குகிற விலை மேலே. நடுவில் இருக்கிற பயலுக்கு என்ன ஆகும்?

படத்தில் இந்த இடத்துக்கு ஒரு ஆள் வைத்திருக்கிறார்கள். பரேஷ் கோஸ்வாமி. ஏஸி ரூமில் உட்கார்ந்து, கிருமிநாசினியில் கை துடைத்துக் கொண்டு, சதி செய்கிற பெரிய ஏர்லைன் முதலாளி. பரேஷ் ராவல் நன்றாகத்தான் செய்திருக்கிறார். ஆனால் இது சுலபமான வழி. நமக்கு ஒரு மூஞ்சி கிடைத்துவிட்டால் திட்ட சௌகரியம். நிஜத்தில் என்ன கொடுமை என்றால், போட்டியில் இருந்தவர்களில் பலரும் நஷ்டத்தில்தான் பறந்து கொண்டிருந்தார்கள். அடிக்கிறவனுக்கும் ரத்தம், அடி வாங்குகிறவனுக்கும் ரத்தம். இதில் யாரை வில்லன் என்பது?

இதிலே இன்னொரு சூட்சுமம். ஏர்லைனில் பயணி முன்கூட்டியே காசைக் கட்டிவிடுவார், பறப்பது இரண்டு மாதம் கழித்து. அதனால் பாங்க்கில் பணம் தளதளவென்று இருக்கும். ஆனால் அது சம்பாதித்த பணம் இல்லை. இனிமேல் பறந்து அடைக்க வேண்டிய கடன். நஷ்டத்தில் ஓடுகிற கம்பெனியில்கூடக் கல்லா நிறைந்து தெரியும். சீட்டுக் கம்பெனி நடத்தினவர்களைக் கேளுங்கள், இந்த மயக்கம் பற்றிச் சொல்வார்கள்.

2006-ல் பொதுமக்களுக்கு ஷேர் விற்க வந்தார் கோபிநாத். விதி பாருங்கள், சரியாக அந்த மே மாதம் பங்குச் சந்தை தடாலென்று விழுந்தது. கெடுவை நீட்டி, விலையைக் குறைத்து, 148 ரூபாய்க்கு ஒருவழியாகத் தள்ளினார்கள். ஜூனில் சந்தைக்கு வந்த அன்றே நூறு ரூபாய்க்குக் கீழே. இதற்கு எந்தக் கோஸ்வாமி காரணம்?

2007 மே கடைசியில் விஜய் மல்லையாவின் யு.பி. குழுமம் 26 சதவீதத்தை 550 கோடி ரூபாய்க்கு வாங்கியது. 2008-ல் கிங்ஃபிஷரோடு இணைப்பு. ஏர் டெக்கான் என்ற பெயர் போய், 'கிங்ஃபிஷர் ரெட்' ஆனது. காமன் மேன் இருந்த இடத்தில் மீன்கொத்தி உட்கார்ந்தது.

மல்லையா எதற்காக வாங்கினார்? மலிவு டிக்கெட்டில் அவருக்கு அவ்வளவு காதல் என்று நினைக்காதீர்கள். அந்தக் காலத்து அரசு விதி, வெளிநாட்டுக்குப் பறக்க ஓர் இந்தியக் கம்பெனிக்கு ஐந்து வருஷ அனுபவமும் இருபது விமானமும் வேண்டும் என்றது. 2005-ல் பிறந்த கிங்ஃபிஷர் 2010 வரை காத்திருக்க வேண்டும். 2003 ஆகஸ்டில் பிறந்த டெக்கானுக்கு 2008 ஆகஸ்டில் ஐந்து வயசு. 2008 செப்டம்பரில் கிங்ஃபிஷர் பெங்களூரிலிருந்து லண்டனுக்குப் பறந்தது. எஞ்சின் தீ, ஒரு ரூபாய் டிக்கெட், அறுபது ஊர், சோழவந்தான் பாட்டிகள் எல்லாவற்றையும் சேர்த்து வாங்குகிறவருக்குக் கண்ணில் பட்டது ஒரு பிறந்த தேதி!

2011-ல் மலிவு சேவையே வேண்டாம் என்று மல்லையா அறிவித்தார். 2012 அக்டோபரில் மொத்தக் கம்பெனியும் தரையில். சம்பளம் வராத ஊழியர்கள் தெருவில்.

சொல்லுங்கள், எது நாடகம்? பாட்டிகள் படியிறங்குவதா, இல்லை, பெற்ற பிள்ளையைப் பெயர் மாற்றி இன்னொரு வீட்டுக்கு அனுப்பக் கையெழுத்துப் போடுகிற நிமிஷமா? கையெழுத்துப் போட்டது கோழைத்தனம் என்று நான் நினைக்கவில்லை. ஆயிரக்கணக்கான பேருக்கு அடுத்த மாதச் சம்பளம் வேண்டும் என்கிறபோது, 'விட மாட்டேன்' என்று வசனம் பேசுவது சுலபம். விடுவதுதான் கஷ்டம். அந்த ஒரு காட்சியை சூர்யா எப்படி நடித்திருப்பார்! நமக்குக் கொடுத்து வைக்கவில்லை.

அமெரிக்காவில் இப்படி ஒரு படம் எடுத்திருக்கிறார்கள். 'ஸ்டார்ட்அப் டாட் காம்', 2001. ஆவணப்படம். பள்ளிக்கூட நாளிலிருந்தே சிநேகிதர்களான இருவர், அரசாங்கத்துக்குக் கட்ட வேண்டிய அபராதத்தையெல்லாம் இன்டர்நெட்டில் கட்ட ஒரு கம்பெனி ஆரம்பிக்கிறார்கள். கோடிக்கணக்கான டாலர் முதலீடு வருகிறது. காமிரா பாட்டுக்கு ஓடிக்கொண்டே இருக்கிறது. பிறகு டாட் காம் சந்தை விழுகிறது, ஒரு நண்பன் இன்னொரு நண்பனை வேலையைவிட்டு நீக்குகிறான். கம்பெனியும் மிஞ்சவில்லை. வில்லன் என்று ஒரு ஆள்கூடப் படத்தில் கிடையாது. ஆனால் பார்க்கிறபோது வயிற்றைப் பிசையும். கிடைத்தால் பாருங்கள், மாறாவுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டிய படம்.

'ஏர்லைன் எல்லாம் பெரிய இடம், எங்கள் கதை வேறே' என்பீர்கள். வேறே இல்லை. அம்பத்தூரில், கிண்டியில் பத்துப் பேரை வைத்துக்கொண்டு நடக்கிற கம்பெனியை எடுத்துக் கொள்ளுங்கள். சும்மா ஒரு உதாரணத்துக்கு, மாதம் 10 லட்ச ரூபாய்க்கு வேலை. சம்பளம் 6 லட்சம், வாடகை கரண்ட் இத்யாதி 1 லட்சம். மாதம் 3 லட்சம் லாபம். அடேயப்பா என்பீர்கள். இப்போது வாடிக்கையாளர் பெரிய கம்பெனி. பில் கொடுத்துத் தொண்ணூறு நாள் கழித்துத்தான் செக் கிழிப்பார்கள் என்று வையுங்கள்.

முதல் செக் வருவதற்குள் மூன்று மாதச் சம்பளம் 18 லட்சம் போயிருக்கும். வாடகை வகையறா 3 லட்சம். ஜி.எஸ்.டி. வேறே இருக்கிறது: பணம் வந்ததா என்று சர்க்கார் கேட்காது, பில் போட்டாயா, அடுத்த மாதம் 20-ம் தேதி கட்டு. 18 சதவீதம் என்றால் மூன்று பில்லுக்கு 5 லட்சத்து 40 ஆயிரம். ஆக, 26 லட்சத்து 40 ஆயிரம் வெளியே போயாயிற்று, உள்ளே வந்தது சைபர். ஆடிட்டர் அதே மூன்று மாதத்துக்கு 9 லட்சம் லாபம் என்று எழுதிக் கொடுத்து 'கங்கிராட்ஸ் ஸார்' என்பார். இரண்டு கணக்கும் சரி. லாபத்தில் இருக்கும்போதே ஒரு கம்பெனி செத்துப் போக முடியும் என்பதை எங்கள் காலேஜில் நடைமுறை மூலதனம் என்ற பாடத்தில் பத்து மார்க்குக்குச் சொல்லிக் கொடுத்தார்கள். கம்பெனி நடத்துகிறவருக்கு 28-ம் தேதி ராத்திரி இரண்டு மணிக்கு அது புரியும்.

சட்டம் இல்லையா? இருக்கிறது. 2006-ம் வருஷத்துச் சிறுதொழில் சட்டம், சின்னவர்களுக்கு அதிகபட்சம் 45 நாளில் பணம் கொடுத்தாக வேண்டும் என்கிறது. தவறினால் ரிசர்வ் பாங்க் வட்டியைப் போல மூன்று மடங்கு, அதுவும் கூட்டுவட்டி. போதாது என்று 2023 பட்ஜெட்டில் வருமான வரிச் சட்டத்திலும் ஒரு முடிச்சுப் போட்டார்கள்: கெடுவுக்குள் கொடுக்காத தொகையை, கொடுக்கிற வருஷம் வரைக்கும் செலவாகக் காட்ட முடியாது. நல்ல சட்டம்தான். ஆனால் புகார் எழுதுகிற அன்றைக்கே அந்த வாடிக்கையாளர் போய்விடுவார். அதற்குச் சட்டத்தில் மருந்து கிடையாது. அதனால் நம் ஆள் புகார் எழுத மாட்டார். அக்கவுன்ட்ஸ் டிபார்ட்மென்ட் கிளார்க்குக்குத் தீபாவளி ஸ்வீட் பாக்ஸ் வாங்கிக் கொண்டு போவார்.

அப்புறம் சொந்தக்காரர் பணம். ஊரே சேர்ந்து மாறாவுக்குக் கொடுப்பதைப் பார்க்கும்போது நெஞ்சு விம்முகிறது. வாஸ்தவத்தில் அதைவிட விலை அதிகமான கடன் உலகத்தில் இல்லை. பாங்க் வட்டி கேட்கும், நோட்டீஸ் அனுப்பும், ஞாயிற்றுக்கிழமை விட்டுவிடும். சித்தப்பா வட்டி கேட்க மாட்டார். ஆனால் ஒவ்வொரு கல்யாணப் பந்தியிலும் எதிர் வரிசையில் உட்கார்ந்து, 'என்னப்பா, கம்பெனி எப்படிப் போகுது?' என்பார். பாயசம் இறங்குமா?

கோபிநாத் 2009-ல் சரக்கு விமானக் கம்பெனி ஒன்று ஆரம்பித்தார். 2011-ல் அது நின்றுபோனது. 2017-ல், சின்ன ஊர்களை இணைக்கும் மத்திய அரசின் உடான் திட்டத்தில், ஏர் டெக்கான் என்ற பழைய பெயர் திரும்ப ஆகாசத்துக்கு வந்தது. 2020 ஏப்ரலில் கொரோனா அதையும் இறக்கியது. ஊழியர்களைச் சம்பளமில்லாத லீவில் அனுப்பினார்கள். அடுத்த ஏழாவது மாதம் 'சூரரைப் போற்று' ரிலீஸ். படத்தில் விமானம் ஜெயித்துத் தரையிறங்குவதைப் பார்த்து நாம் கைதட்டிக் கொண்டிருந்தபோது, நிஜ விமானங்கள் ஷெட்டில் நின்றன.

2024 ஜூலையில் இதே கதையை சுதா கொங்கராவே ஹிந்தியில் எடுத்தார். 'சர்ஃபிரா', அக்ஷய் குமார். நாலு வருஷம் இடைவெளி கிடைத்திருக்கிறதே, முடிவை இன்னும் கொஞ்சம் நீட்டியிருப்பார்கள் என்று ஆசையோடு உட்கார்ந்தேன். விமானம் அங்கேயும் அதே இடத்தில்தான் இறங்கியது.